தொள்ளாயிரம் மனுக்களும் ஒரு நூலகரும்

1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் என்றொரு பதவியை உண்டாக்கி விண்ணப்பம் கேட்டபோது சுமார் 900 பேர் மனுப்போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட நூலகப் பணியில் முறையாகப் பயிற்சி பெற்றவரில்லை. வேலை கிடைத்தது மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதனுக்கு. சீர்காழியில் 1892இல் பிறந்தவர். கல்லூரி ஆசிரியர் சம்பளம் போதவில்லை, நூலகர் பதவியில் சம்பளம் கூடுதல், நண்பர்கள் வற்புறுத்தினார்கள், மனுப்போட்டார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததுதான் அந்தத் தொழிலைப் பற்றி அவருக்கு இருந்த மொத்த அறிவு. ஆராய்ச்சிப் பின்புலம் உள்ளவர் வேண்டும் என்று தேர்வுக்குழு எதிர்பார்த்தது. கணிதத்தில் அவர் எழுதியிருந்த சில கட்டுரைகள் அந்த எதிர்பார்ப்பை நிறைவு செய்தன. இந்திய நூலகவியலின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டவர் இந்தத் தொழிலுக்குள் நுழைந்த வழி இது. 'சிறுவயது முதலே எனக்குப் புத்தகங்களில் தீராத ஆர்வம் உண்டு' என்ற வரி இன்றுவரை நூலக வேலைக்கு எழுதப்படும் மனுக்களில் தவறாமல் வருகிறது. அந்த வரிக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இந்த நியமனத்தையே பதிலாகக் காட்டுவார்கள். ஆர்வம் எதற்கு, திறமை போதும் என்பார்கள். நூலகர் படிப்பதற்கு வருகிறவரல்ல, படிக்கக் கொடுப்பதற்கு வருகிறவர் என்று தொழிலுக்குள் இருப்பவர்களே சொல்வதுண்டு. என் கருத்து வேறு. புத்தகப் பிரியம் உண்மையான தகுதி. ஆனால் அது தானாகவே வேலையாகிவிடுவதில்லை. ஒருவரின் பிரியத்தை, அவர் முகம் அறியாத இன்னொருவருக்கும் பயன்படும் வேலைமுறையாக மாற்றியதுதான் நூலகர் தொழிலின் வரலாறு. சென்னையில் தொடங்கி மன்னார்குடி, யாழ்ப்பாணம், கோட்டையூர் என்று அந்த வரலாறு நடந்த இடங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

ரங்கநாதனுக்கு முன்பு புத்தகங்கள் இல்லாமலில்லை. அவற்றைக் காப்பவர்களும் இல்லாமலில்லை. தஞ்சை அரண்மனையின் சரசுவதி மகால் இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகிய தொகுப்பு. அவர் 1832இல் இறந்தார். அது பொதுமக்களுக்கான நூலகமானது 1918இல். சென்னை இலக்கியச் சங்கம் 1812இலேயே தோன்றிவிட்டது, ஆனால் அது உறுப்பினர்களின் நூலகம். காலின் மெக்கன்சி சேர்த்த சுவடிகளை உள்ளடக்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869இல் வந்தது. கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட தொகுப்புகளில் புத்தகத்துக்குப் பொறுப்பானவருக்கு முதல் வேலை காவல். எண்ணி வாங்கி எண்ணி ஒப்படைப்பது, கறையானும் இராமபாணப் பூச்சியும் அண்டாமல் பார்ப்பது, பூட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது. ஒரு புத்தகம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு புத்தகத்தை ஐம்பது வருடமாக யாரும் தொடவில்லை என்றால் அவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கணக்கு அப்படி இருக்கும்போது குறைவாகக் கொடுப்பவரே நல்ல காவலர் ஆகிவிடுகிறார். அவர்களுக்குப் புத்தகத்தின்மேல் அன்பில்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். பெரும்பாலும் அன்பு அதிகமாகவே இருந்திருக்கும். சேகரிப்பவரின் ஆசையும் காவலரின் பயமும் கதவை ஒரே பக்கமாகத்தான் தள்ளுகின்றன: இரண்டும் சேர்ந்து அதைச் சாத்துகின்றன. புத்தகத்தை நேசிப்பவர் நூலகராகத் தகுந்தவர் என்ற எளிய நம்பிக்கை இடறும் இடம் இதுதான்.

ரங்கநாதன் 1924 ஜனவரி 4ஆம் தேதி பொறுப்பேற்றார். வகுப்பறையில் மாணவர்களோடு இருந்து பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குப் போய்ப் பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். இங்கிலாந்து போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு வரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கணித விரிவுரையாளர் வேலை அவருக்கே என்று உடன்பாடு ஆனது. லண்டனில் யூனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்தார். குராய்டன் நகர நூலகத்தின் தலைவராக இருந்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்தார். அந்த நாட்டில் தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவனும் உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டதும் வகுப்பறைக்குத் திரும்பும் எண்ணம் போய்விட்டது. வகுப்பறையில் இருந்ததைவிடப் பெரிய மாணவர் கூட்டம் நூலக வாசலுக்கு வரும் என்பது அவருக்குப் புரிந்தது. ஆகவே ரங்கநாதனிடம் பிரியமே இல்லை, வெறும் திறமைதான் இருந்தது என்று முடிவுகட்டுவது தவறு. கற்றுக்கொள்ள வருபவர்மேல் அவருக்குப் பற்று இருந்தது. யாரும் வராமல் இருந்தபோதுதான் அவர் துவண்டார். அந்தப் பற்றுக்கு நூலகத்தில் இடமிருக்கிறது என்று கண்டுகொள்ள ஒரு கடற்பயணம் தேவைப்பட்டது. தேர்வுக்குழு இதையெல்லாம் எதிர்பார்த்து அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கணிதக் கட்டுரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, நடந்தது அதிர்ஷ்டம். 900 பேரில் ஒருவருக்கு நேர்ந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது என்பது மற்ற எவரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. 1925இல் திரும்பி வந்ததும் அவர் கட்டத் தொடங்கியதெல்லாம், அடுத்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் தேவைப்படாமல் செய்யும் ஏற்பாடுகளே.

அந்த ஏற்பாடுகள் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பாகத் தெரியும். ஒரு புத்தகம் நூலகத்துக்குள் வந்தால் என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் அது சேர்க்கைப் பதிவேட்டில் ஏறி ஒரு வரிசை எண் பெறுகிறது. தலைப்புப் பக்கத்திலும், எல்லாப் புத்தகத்துக்கும் ஒன்றே என்று நூலகம் தனக்குள் வைத்துக்கொண்ட ஓர் இரகசியப் பக்கத்திலும் முத்திரை விழுகிறது. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் யாருடையது என்று அந்த இரண்டாவது முத்திரை சொல்லும். பிறகு பொருள் பார்த்துப் பகுப்பெண் போடுகிறார்கள். அந்த எண் முதுகில் ஒட்டும் சிறு சீட்டில் ஏறுகிறது. பின்னட்டையின் உட்புறம் ஒரு காகிதப் பை, அதில் புத்தகச் சீட்டு, எதிர்ப்பக்கத்தில் திருப்பித் தரவேண்டிய தேதியைக் குத்தும் தாள். கடைசியாகப் பட்டியல் அட்டைகள்: ஐந்துக்கு மூன்று அங்குல அளவில், அடியில் துளையிட்டு, இழுப்பறையின் கம்பியில் கோக்கப்படுபவை. ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளுக்கு ஒன்றோ பலவோ. ஏன் இத்தனை? ஒருவருக்கு ஆசிரியர் பெயர் தெரியும், தலைப்பு மறந்திருக்கும். இன்னொருவருக்கு அட்டையின் நிறம்கூட ஞாபகம் இருக்கும், எழுதியவர் பெயர் வராது. மூன்றாமவருக்கு எதுவுமே தெரியாது. தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்துவிட்டது, அதற்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவேண்டும். ஒவ்வோர் அட்டையும் இன்னும் வாசலுக்கு வராத ஒருவரை மனத்தில் நினைத்து எழுதப்படுகிறது. அவர் வரும் நாளில் அதை எழுதியவர் வேலையில் இருக்கமாட்டார், உயிரோடுகூட இல்லாமல் போகலாம். இதை எழுத்தர் வேலை என்று குறைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. புத்தகத்தை நேசிப்பவர் அந்த நேசத்தைத் தன்னிடமிருந்து கழற்றி இன்னொருவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறார் என்றால் அது நடப்பது இந்த அட்டையில்தான். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானின் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைப் பார்த்து, புத்தகத்தின் பொருளையும் அப்படிக் கூறுகூறாகப் பிரித்துச் சேர்க்கலாம் என்று ரங்கநாதனுக்குத் தோன்றிய யோசனை 1933இல் கோலன் பகுப்பு முறையாக அச்சேறியது. அவருடைய நூலகத்தில் புத்தக அடுக்குகள் வாசகருக்குத் திறந்துவிடப்பட்டன. சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு ஊழியர் கொண்டுவரும்வரை வெளியே காத்திருந்தவர் உள்ளே நடந்து போய்த் தானே எடுத்துப் பார்க்கலாம் என்றானது. காவலர் பயந்த காரியம் அது. திறந்துவிட்டால் சில புத்தகம் தொலையும். தொலையட்டும் என்று அவர் சொல்லவில்லை. தொலைவதால் வரும் நட்டத்தைவிட யாரும் தொடாமல் கிடப்பதால் வரும் நட்டம் பெரிது என்று கணக்குப் போட்டார்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1929இல் அது கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. இந்தியாவில் இது முதல் முயற்சியல்ல. பரோடாவில் மன்னர் சாயாஜிராவ் அழைத்து வந்த அமெரிக்க நூலகர் போர்டன் 1911இலேயே பயிற்சி வகுப்பு நடத்தினார்; லாகூரில் டிக்கின்சன் 1915இல் நடத்தினார். ஆனால் இங்கே பயிற்சியோடு ஒரு கொள்கையும் கூடவே வந்தது. நூலகவியலின் ஐந்து விதிகளை ரங்கநாதன் 1928இல் வகுத்தார், 1931இல் சங்கம் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டது. புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு என்பதில் தொடங்கி, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்று போகும் விதிகள் அவை. எதிலும் நூலகரின் ரசனை பற்றி ஒரு சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில், ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை முயன்று ஏற்படுத்திய மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்ற ஆசை வேண்டும். வண்டி எந்த ஊருக்கு என்று வரும், எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, அடுத்த முறை அந்த ஊருக்கு எதை ஏற்றிப் போவது என்று முறை வகுக்காவிட்டால் அந்த ஆசை இரண்டாம் நடையிலேயே முடிந்துபோகும். மன்னார்குடியில் இரண்டும் ஒரு வண்டியில் ஏறின.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முறையும் பட்டமும் இல்லாத தனிமனிதர்கள்தான் தமிழின் பெருஞ்செல்வத்தைக் காப்பாற்றினார்கள். நிறுவனங்கள் தூங்கிக்கொண்டிருந்தன என்பது அந்த மறுப்பு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது அவருக்கு எந்த நூலகவியல் பட்டமும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஊருக்குத் திரும்பி வாழ்நாள் முழுதும் புத்தகம் சேர்த்தார். பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், குஜிலிப் பதிப்பு, சமையல் குறிப்பு, திருமண அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். எந்தப் பட்டியல் விதியும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். முறை, ஏற்கெனவே மதிப்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்டதைத்தான் பார்க்கும். மதிப்பு இல்லை என்று தள்ளப்பட்டதை எடுத்துத் துடைத்து வைப்பதற்குப் பித்து வேண்டும். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. 1992இல் முத்தையா காலமானார். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது; வெளிநாட்டுக்கு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே ஒரு நூலகமாக அமைத்தது; 1996 முதல் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். இடையில் நடந்தது என்ன? புகையூட்டிப் பூச்சி நீக்கினார்கள், பட்டியல் இட்டார்கள், நுண்படம் எடுத்தார்கள். அதைச் செய்தவர்கள் சம்பளம் வாங்கிய, பயிற்சி பெற்ற ஊழியர்கள். முத்தையாவுக்கு எந்தப் புத்தகம் எந்த அறையில் என்று மனத்தில் இருந்தது. அது அவரோடு போயிற்று. அட்டையில் ஏறியது நம்மோடு நிற்கிறது. இந்த வாய்ப்புக் கிடைக்காத தொகுப்புகள் எத்தனையோ, சேர்த்தவர் கண்ணை மூடியதும் பழைய பேப்பர்க் கடைக்குத் தராசில் எடைபோட்டுப் போயிருக்கின்றன. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நூலகம் அமைந்ததால்தான் அவர் தேடிய ஏடுகள் ஓர் இடத்தில் இருக்கின்றன. பிரியம் சேர்த்ததைத் தொழில் தொடர்ந்து காக்கிறது. தொழில் கண்டுகொள்ளாததைப் பிரியம் கண்டெடுக்கிறது. மறுப்பு சரியானது, ஆனால் அது என் வாதத்தை வெட்டவில்லை, அதற்கு மறுபாதியைத் தருகிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு பாதிகளும் ஒரே நூலகத்தின் வரலாற்றில் சேர்ந்து கிடக்கின்றன. கே. எம். செல்லப்பா நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். 1930களின் தொடக்கத்தில் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்க ஆரம்பித்தார். கேட்பவர்கள் பெருகவே, இது ஒருவர் வீட்டில் நடக்கிற காரியமாக இருக்கக்கூடாது என்று ஊராருக்கு வேண்டுகோள் விடுத்தார். 1934இல் வாடகை இடத்தில் நூலகம் திறந்தது, பிறகு நகரசபை அதை ஏற்றது. தன் புத்தகத்தைத் தன்னிடமிருந்து விலக்க அவர் தயாராக இருந்தார் என்பதுதான் அவரை வெறும் சேகரிப்பாளரிடமிருந்து பிரிக்கிறது. 1950களில் பெரிய கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது ஆலோசனை சொல்ல ரங்கநாதனை அழைத்தார்கள். சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வடிவமைத்தார், 1959இல் திறந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் நூலகம் தீக்கிரையாக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தத் தீயைப் பற்றி ஈழத்தவர்கள் எழுதியவற்றைப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். எரிந்தது செல்லப்பாவின் புத்தகம் என்று யாரும் அழவில்லை. எங்கள் புத்தகம் என்றுதான் அழுதார்கள். அரை நூற்றாண்டுக்குள் ஒருவரின் வீட்டு அலமாரி ஓர் இனத்தின் சொத்தாகியிருந்தது. மீண்டும் கட்டியபோது உலகின் பல மூலைகளிலிருந்தும் புத்தகம் வந்ததற்குக் காரணமும் அதுவே.

தமிழ்நாட்டில் அந்த மாற்றத்தைச் சட்டம் செய்தது. 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்ட வரைவை முன்வைத்தார். அது சென்னை மாகாணத்தில் சட்டமாக 18 ஆண்டு பிடித்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல். 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர் நூலக வரியில் இருக்கிறது: சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பை, இன்று பத்துப் பைசா. வாழ்நாளில் ஒரு புத்தகம் திறக்காத வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். அவர் கட்டும் வரியில் அடுத்த தெருப் பிள்ளை படிக்கிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று வலை விரிந்தது. இங்கே எதிர்த்தரப்பு இன்னொரு சான்றைக் கொண்டுவரும்: காமராசர் காலத்தில் இந்த விரிவைப் பெரிதும் நடத்தியவர் நெ. து. சுந்தரவடிவேலு, அவர் நூலகரல்ல, பொதுக்கல்வி இயக்குநர், நூலகத் துறையைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தவர். நூலகத்துக்குத் தனி இயக்ககம் வந்து, நூலகவியல் படித்த வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானது 1972இல்தான். நூலகரல்லாத ஒருவர் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால் தொழில் எதற்கு, பயிற்சி எதற்கு? கட்டடம் திறப்பதையும் கிளை தொடங்குவதையும் உறுதியுள்ள ஒரு நிர்வாகி செய்துவிட முடியும், செய்தார், அதற்குத் தமிழ்நாடு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. திறந்த கிளையில் மறுநாள் காலை வந்து உட்கார்பவர் யார் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லாது. மேலும், இன்று மனுவில் 'சிறுவயது முதல் புத்தக ஆர்வம்' என்று எழுதுபவரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் புத்தகம் வாங்க வழியில்லாத குடும்பங்களில் அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து. அப்படியானால் அந்த வரி வெறும் குணச்சான்று இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பலித்தது என்பதற்கான சான்று. அதைத் தகுதியில்லை என்று தள்ளுவது, நூலகம் தன் பிள்ளையைத் தானே அடையாளம் தெரியவில்லை என்று சொல்வதாகும்.

பிரியத்தைப் பேசும்போது சம்பளத்தைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. புத்தகத்தை நேசிப்பவர் குறைந்த கூலிக்கும் வருவார் என்ற எண்ணம் இந்தத் தொழிலைத் தொடர்ந்து அரித்து வந்திருக்கிறது. சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்த நிலை மாற நெடுங்காலம் கோரிக்கை வைத்த ஊர்ப்புற நூலகர்களை எல்லோரும் அறிவார்கள். நூலகத்தைத் திறப்பது, பெருக்குவது, நாளிதழ் அடுக்குவது, இரவல் பதிவது, இரவில் பூட்டுவது என்று எல்லாம் ஒருவர் தலையில் விழும் கிளைகள் பல. ஆர்வத்தை வேலைக்குத் தகுதி என்று சொல்பவர்கள் அதைச் சம்பளத்துக்கு ஈடு என்று சொல்லிவிடக்கூடாது. சம்பளத்துக்காக வந்தவர் ரங்கநாதன். இருபது ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். 1950களில், வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்ச ரூபாயை, நூலகவியலுக்குத் தன் மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்த ஒரு பேராசிரியர் பதவியை நிறுவ, அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நல்ல சம்பளம் கேட்டு வந்தவரிடம் பிரியம் வளரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பிரியத்தோடு வந்தவர் வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை.

இன்றைய நியமனம் சான்றிதழைப் பார்க்கிறது. சி.எல்.ஐ.எஸ்., பி.எல்.ஐ.எஸ். என்ற நூலகவியல் படிப்புகள், போட்டித் தேர்வு, இடஒதுக்கீட்டுப் பட்டியல். 900 பேரில் ஒருவருக்கும் பயிற்சியில்லை என்ற 1923ஆம் ஆண்டு நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றம். பரிந்துரைக் கடிதத்தால் வேலை கிடைத்த காலத்தைவிட நேர்மையானது. பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் தெரியாதவரை ஆர்வத்துக்காக எடுக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தேர்வு எதைப் பார்க்காமல் விடுகிறதோ அதன் விளைவு அலமாரியில் தெரிகிறது. பொது நூலகங்களுக்கான புத்தகங்களில் பெரும்பங்கு தலைநகரில் குழு அமைத்துத் தேர்ந்தெடுத்து மொத்தமாக வாங்கப்படுகிறது. இந்த நூலக ஆணை தமிழ்ப் பதிப்பாளருக்கு உயிர்மூச்சு என்பது உண்மை. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் கடலோர மீனவர் ஊருக்கும் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரே கட்டு வந்து இறங்கும்போது, அதை அவிழ்த்து அடுக்குவது மட்டும்தான் நூலகருக்கு மிஞ்சுகிறது. ஐந்து விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும், வாசகருக்கு உரிய புத்தகம், புத்தகத்துக்கு உரிய வாசகர் என்பவை, அந்த ஊரை அறிந்தவர் தேர்ந்தெடுக்காமல் நிறைவேற வழியே இல்லை. நூலகர் கையில் பணம் கொடுத்தால் தன் ரசனையைத் திணிப்பார், தெரிந்த பதிப்பாளருக்குச் சாதகம் செய்வார் என்று சொல்வார்கள். செய்யலாம். வாங்கிய பட்டியலை வாசகர் வட்டத்தின் முன் வைத்து, ஒவ்வொரு தலைப்பும் எத்தனை முறை இரவல் போனது என்று ஆண்டு இறுதியில் ஒட்டினால் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தேதி குத்தும் தாள் அந்தக் கணக்கை ஏற்கெனவே வைத்திருக்கிறது. கணினி வந்த கிளைகளில் அது இன்னும் எளிது.

ஆகவே நேர்காணலில் ஒரு கேள்வி சேர வேண்டும் என்பது என் விருப்பம். ஆர்வம் உண்டு என்று எழுதியிருக்கிறாரே, அவரிடம் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்பதால் பயனில்லை. எல்லோரும் அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வருவார்கள். அவர் நன்கு அறிந்த ஒரு கிளை நூலகத்தின் பெயரைச் சொல்லச் சொல்லி, அதற்குப் புத்தகம் வாங்க ஐயாயிரம் ரூபாய் இருந்தால் என்ன வாங்குவார், அந்த ஊரில் யாருக்காக வாங்குவார், தனக்குப் பிடிக்காத எந்தப் புத்தகத்தை அதில் சேர்ப்பார் என்று கேட்க வேண்டும். புத்தகத்தோடு வாழ்ந்தவர் முதல் பகுதிக்கு நன்றாகப் பதில் சொல்வார். இரண்டாவதற்கு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து படித்தவர் யார் என்று கவனித்தவர் சொல்வார். மூன்றாவதற்குத் தயங்காமல் ஒரு தலைப்பைச் சொல்லி, அதைக் கேட்டு வந்துபோகும் ஆளையும் சொல்பவரை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலாக்க விதிகளை எவருக்கும் ஓர் ஆண்டில் கற்றுக்கொடுத்துவிட முடியும், 1929 முதல் அதைத்தானே செய்துவருகிறோம்.